நான்காவது கியர்

எங்கள் வாசலில் ஒரு வெள்ளை மாருதி 800 நிற்கிறது. மாதத்தில் இருபத்தாறு நாள் தறப்பாளுக்கு அடியில் தூங்கும். மிச்ச நாட்களில் இவர், என் புருசன், கொழும்பிலிருந்து வந்து அதை எழுப்புவார். கழுவுவார், டவுன் வரைக்கும் ஒரு ஓட்டம் விடுவார், ஞாயிறு பின்னேரம் திரும்பப் போர்த்திவிட்டு பஸ் ஏறிவிடுவார். 2019இல் வாங்கியது. அடுத்த வருசமே வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அந்தத் தடை நீங்க 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. அதற்குள் எங்கள் கிழட்டு மாருதியை, நாங்கள் கொடுத்ததைவிடக் கூடக் கொடுத்து வாங்கிக்கொள்ள ஆள் வந்தது. "தங்கத்த வெளிய போட்டுட்டு உள்ளுக்குப் படுத்திருக்கீங்க டீச்சர்" என்பார் பக்கத்து வீட்டு அண்ணன். அந்தத் தங்கத்தின் பொனட்டு மேலேதான் போன மழைக்கு அவர் வீட்டுப் பூனை மூன்று குட்டி போட்டது.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. தலவாக்கலைப் பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. இங்கே பிறந்த எத்தனை பேருக்குத் தெரியும்? லயத்து வாசலில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில், சைக்கிளை எடுத்தால் ஒன்று மேட்டில் தள்ளிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் ஆற்றுக்குள் போய் விழ வேண்டும். வண்டி என்றால் யாரோ ஓட்ட, நாம் ஏறிப் போவது. அப்படித்தான் வளர்ந்தேன்.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். முப்பத்தெட்டு வருசம் கூடையோடு மலை ஏறி இறங்கிய கால். மாதம் ஒரு புதன்கிழமை கண்டியில் கிளினிக். விடியற்காலை மூன்றரைக்கு எழும்பி, சுடுதண்ணீரில் காலை ஊறவைத்து, தைலம் தேய்த்து, டோர்ச் லைட் அடித்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினால்தான் முதல் பஸ். படி உயரம். அம்மா கம்பியைப் பிடிக்க, நான் பின்னால் முட்டுக்கொடுக்க, கண்டக்டர் முன்னாலிருந்து இழுப்பார். "கொழுந்து மூட்டய லொறியில ஏத்துற மாதிரியே ஏத்துறாங்க பாரு" என்று அம்மா சிரிக்கும். ஆட்டோவில் கண்டிக்குப் போய் வருவதென்றால் அந்த மாதம் வேறு எதையாவது நிறுத்த வேண்டும். இத்தனைக்கும், ஒவ்வொரு கிளினிக் நாளும் நாங்கள் வீட்டைவிட்டு வெளியேறுவது அந்தத் தறப்பாளைச் சுற்றிக்கொண்டுதான். இருட்டில் அம்மா ஒரு கையை அதன்மேல் ஊன்றித்தான் வாசற்படி இறங்கும். ஒரு கார் கைப்பிடிச் சுவராக இருப்பதை எத்தனை மாதத்துக்குப் பார்த்துக்கொண்டிருப்பது?

இது ஒரு காரணம். இன்னொன்றைச் சொல்ல 2023க்குப் போக வேண்டும். மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு வருசம் ஆனதை நினைத்து, அந்த ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி போனது. 1823இல் தொடங்கி கோப்பித் தோட்டத்துக்கு ஆள் கட்டிக்கொண்டு வந்த காலத்தில், படகில் வந்து இறங்கிக் காட்டு வழியே நடந்து ஏறிய திசை அது. அம்மா என் போனில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நடந்தவர்களை அல்ல, அவர்களுக்குப் பின்னால் தெரிந்த கடலை. ஒரு நாள் கேட்டது: "அக்கா ஏறுன எடம் இதுக்குக் கிட்டவா புள்ள?"

பெரியம்மா போனது 1971இல். எங்கள் சனத்தை இலங்கையும் இந்தியாவும் பங்குபோட்டுக்கொள்ள சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை 1964இல் எழுதினார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரின் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. (பிறகு பார்த்தார்கள், 1974இல், பாதிக்குப் பாதி.) தாத்தா இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டார். பெரியம்மாவின் மாமனார் இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். அவ்வளவுதான் விசயம், அக்காவும் தங்கையும் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். பெரியம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, இடுப்பில் ஒரு பிள்ளை. பதினாலு வயது அம்மா ஸ்டேசன் வரைக்கும் போனது. அதற்கு மேல் கோச்சி எங்கே போகும், கப்பல் எங்கே நிற்கும், எதுவும் தெரியாது. பெரியம்மா கோத்தகிரிப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கொழுந்துதான் பறித்தது. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாட்டு அரசாங்கம் 1968இல் தொடங்கிய தோட்டங்கள். இப்போது இருவரும் வாட்ஸ்அப்பில் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

"ஒரு தடவ அந்த எடத்தப் பாக்கணும்" என்று அம்மா சொன்னது ஒரே ஒரு முறைதான். கேட்டுப் பழக்கமில்லாதவர்கள் ஒரு முறை கேட்டால், அது நமக்குள் ஒட்டிக்கொள்ளும்.

ஆக, ஜனவரியில் ஒரு கொப்பி வாங்கினேன். சதுரக்கோட்டுக் கணக்குக் கொப்பி, தொழில் புத்தி. மூன்று பத்தி போட்டேன்: வீடு, வண்டி, மன்னார். ஆகஸ்ட் விடுமுறையில் தலைமன்னார், அதற்கு முன் லைசன். நடுவில் மகளின் பத்தாம் வகுப்பு, என் தவணைப் பரீட்சைத் தாள்கள், அம்மாவின் ஏழெட்டுப் புதன்கிழமைகள். திட்டம் எழுதுகிறபோது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று இதுவரை எழுதாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. கட்டம் கட்டமாக நிரப்பி, கலர் பேனையால் கோடு போட்டு முடித்தபோது பாதி வேலை முடிந்துவிட்ட மாதிரியே இருந்தது. ஒன்றுமே முடிந்திருக்கவில்லை.

முதலில் மெடிக்கல். அங்கே தெரிந்தது எனக்குத் தூரப்பார்வை குறைவு என்று. வகுப்பில் பின்வாங்குப் பிள்ளைகள் சிரிக்கிறார்களா முகம் சுளிக்கிறார்களா என்பது சில காலமாகவே கலங்கலாகத்தான் இருந்தது. பனி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி போட்டேன். சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்தது எழுத்துப் பரீட்சை. வீதிச் சின்னங்களின் தமிழ்ப் புத்தகத்தைப் படித்தபோது, வாழ்நாளெல்லாம் தமிழில் படிப்பிக்கிற எனக்கே இரண்டு தடவை வாசித்தால்தான் விளங்குகிற வாக்கியங்கள் இருந்தன. ஹேண்ட்பிரேக்குக்கும் கிளச்சுக்கும் அதில் இருந்த பெயர்களை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, அதற்குப் பின்னும் கேட்கவில்லை. பாஸாகிவிட்டேன். கணக்கு டீச்சர் அல்லவா, எழுத்தில் எதையும் பாஸாகிவிடுவோம்.

வண்டியில் ஏறிய பிறகுதான் நான் யார் என்று தெரிந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புருசனிடம் வண்டி பழகக் கூடாது. முதல் இரண்டு ஞாயிறு இவர்தான் பழக்கினார். மூன்றாவது ஞாயிறு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அதன் பிறகு லேர்னர்ஸில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் ஒரு சிங்கள மாத்தையா, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும் ஏறக்குறைய ஒரே தரம், அதனால் அவர் திட்டினாலும் பாதிதான் விளங்கும். அது பெரிய வசதி.

தொடக்கத்தில் ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம் எடுத்தேன். ஒரு ஞாயிறு வந்தது அடுத்த ஞாயிறுக்குள் காலைவிட்டுப் போய்விடும். தலைக்குள் இருக்கும், காலில் இருக்காது. நான்கு வாரம் காசு கரைந்த பிறகுதான், பிள்ளைகளின் பெற்றோரிடம் வருசா வருசம் நான் சொல்லுவது நினைவுக்கு வந்தது: "ஞாயித்துக்கிழம மொத்தமாப் படிக்க வைக்காதீங்க, தெனம் அரை மணி நேரம் ஒக்கார வைங்க." அப்புறம் ஞாயிறை விட்டுவிட்டு செவ்வாய், வியாழன், வெள்ளி, காலை ஐந்தே முக்காலிலிருந்து நாற்பது நிமிசம் என்று மாற்றினேன். ஏழரைக்குப் பாடசாலை.

அந்த நேரத்தில் எங்கள் ரோட்டில் பனிதான் முதலில் நடமாடும். லைட்டைப் போட்டால் வெள்ளைச் சுவர் மாதிரி முகத்துக்கு நேரே நிற்கும். மாத்தையா தொழிற்சாலைக்கு ஏறுகிற மேட்டில் நடுவழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய்ப் பின்சில்லுக்குப் பின்னால் ஒரு நெருப்புப் பெட்டியை வைப்பார். "மிஸ், தெங் யமு." இப்போது கிளம்பு. நெருப்புப் பெட்டி நசுங்கினால் வண்டி பின்னால் உருண்டிருக்கிறது என்று அர்த்தம். கிளச்சை மெல்ல விட வேண்டும், அதே நேரம் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் அடங்கித் தொண்டையில் நிற்கும். வண்டியின் மூக்கு லேசாக நிமிரும். மிதியடியில் ஒரு நடுக்கம் பெருவிரலுக்கு ஏறும். அந்த இடம்தான் பலன்ஸ். அங்கே காலை அப்படியே நிறுத்திவிட்டு ஹேண்ட்பிரேக்கை இறக்கினால் வண்டி முன்னாலும் போகாது பின்னாலும் போகாது, மேட்டில் தொங்கிக்கொண்டு நிற்கும். ஒரு மயிரிழை கூட விட்டால் அணைந்துவிடும். ஒரு மயிரிழை குறைந்தால் நெருப்புப் பெட்டி.

முதல் கிழமை பதினொரு பெட்டி நசுக்கினேன். மாத்தையா ஒவ்வொன்றையும் எடுத்துத் தட்டையாக்கி சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், கணக்குக் கொடுக்கப்போகிறவர் மாதிரி. ஒருநாள் நான் மேட்டில் அணைத்துவிட்டு நிற்கிறேன், பின்னால் கொழுந்து லொறி. லொறிக்கு மேலே படங்கை இடுப்பில் கட்டிய நாலைந்து பேர், அம்மாவோடு ஒன்றாகப் பறித்தவர்களும் உண்டு. ஹோர்ன் அடிக்கவில்லை. அவ்வளவு பேரும் மேலேயிருந்து அமைதியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹோர்ன் அடித்திருந்தால்கூட அவ்வளவு வேர்த்திருக்காது.

"எப்படி டீச்சர் வீட்டையும் பாத்துக்கிட்டு ஸ்கூலையும் பாத்துக்கிட்டு இதையும் சமாளிக்கிறீங்க?" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்பார்கள். கொஞ்ச காலம் அந்தக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். கேட்க நன்றாக இருந்தது. உண்மையில் என்ன நடந்தது என்றால், வாரநாளில் இடியப்பம் நின்றது. வெள்ளிக்கிழமைக் கோயில் நின்றது. மகள் தன் சீருடையைத் தானே மினுக்கத் தொடங்கி ஒரு டையைப் பொசுக்கினாள். பதினோராம் வகுப்புக்குப் பின்னேரம் சும்மா எடுத்துக்கொடுத்த பாடம் இரண்டு நாளிலிருந்து ஒரு நாளாகியது, அது எனக்கு இன்றைக்கும் உறுத்தல். காலைச் சாப்பாட்டுக்கு அம்மா ரொட்டி சுட்டது. கொப்பியில் 'வீடு' பத்தியில் "காலை – அம்மா, ரொட்டி" என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். எழுதியபோது ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்ட திருப்தி.

மே மாதக் கிளினிக்கில் டொக்டர் அம்மாவின் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, போன மாதத்தைவிட வீக்கம் கூட என்றார். "வீட்டுல ரொம்ப நேரம் நிக்கிறீங்களா அம்மா?" அம்மா என் பக்கம் திரும்பாமல் "இல்லீங்களே" என்றது.

பஸ்ஸில் திரும்பி வருகிறபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிழமைக்கு மூன்று நாள், நாலரையிலிருந்து ஆறரை வரைக்கும், சிமெந்துத் தரையில், அடுப்பு முன்னால். அம்மாவின் காலுக்காகத்தான் வண்டி பழகப் போனேன். பழகிய மூன்று மாதமும் அந்தப் பழக்கத்தைத் தாங்கிக்கொண்டு நின்றது அதே கால்தான். கொப்பியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரம் போட்டிருந்தேன். யாருடைய உடம்பிலிருந்து அந்த நேரம் எடுக்கப்படுகிறது என்று போடவில்லை. சமாளித்தல் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி இப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன். நம் வீட்டுப் பெண்களில் ஒருத்தி ஏதோ ஒன்றைச் சாதித்தால், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி அடுப்பில் நிற்கிறாள். மேடையில் நன்றி சொல்லும்போது அவளைத் 'தாய்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

அடுத்த நாளிலிருந்து பாண். ஆறரைக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பாண் ஆட்டோ எங்கள் வளைவுக்கு வரும். இவ்வளவு நாளும் அதைச் சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். பாணும் முதல்நாள் இரவே இடித்து வைத்த சம்பலும். "பாணு தின்னா பசி அடங்காது" என்று அம்மா ஒரு கிழமை முனகியது. அதன் கையிலிருந்து ரொட்டிக் கல்லைப் பிடுங்குவது ரிவர்ஸ் பழகுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் மகள்தான் ஒரு வழி கண்டாள்: அடுப்படியில் ஒரு உயரமான ஸ்டூல். இப்போது அம்மாயி உட்கார்ந்துகொண்டு அதிகாரம் பண்ணும், பேத்தி ரொட்டி தட்டுவாள். அவள் தட்டுகிற ரொட்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டு வரைபடம். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

மே கடைசியில் ட்ரையல். மேட்டில் நிறுத்தி எடுத்தது பிசகவேயில்லை, நெருப்புப் பெட்டி இருந்திருந்தால் பொட்டுக் கசங்கியிருக்காது. அந்தச் சந்தோசத்தில் ஹேண்ட்பிரேக்கை முழுதாக இறக்க மறந்துவிட்டேன். ஐம்பது யார் தாண்டியதும் கருகல் வாசம். பரீட்சிக்க வந்தவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று வரிசையில் எனக்கு மூன்று பேர் முன்னால் நின்றவர் என் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய அப்பா. மறுநாள் கொப்பிகளைத் திருத்தித் திருப்பிக் கொடுக்கிறேன். அவன் தன் கொப்பியை வாங்கிக்கொண்டு, ரொம்பப் பணிவாக, "விசயம் தெரியும், கவனந்தான் போதாது, என்னா டீச்சர்?" என்றான். போன தவணை அவனுடைய தாளில் சிவப்புப் பேனையால் நான் எழுதிய வரி. வகுப்பு மொத்தமும் மேசைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நானும் சிரித்துவிட்டேன், வேறு வழி?

ஜூலையில் பாஸ்.

இனி மன்னார். கோச்சியில் போகலாமா என்று முதலில் பார்த்தோம். கொழும்புக்குப் போகிற கோச்சியில் பொல்காவலைக்கு இறங்கி, அங்கே மாறி மதவாச்சி வழியாகத் தலைமன்னார். 1990இல் சண்டைக்குள் சிதைந்த அந்தப் பாதை 2015 மார்ச்சில் தலைமன்னார் துறைவரைக்கும் திரும்பத் திறந்தது. பெரியம்மா போனதும் அதே தண்டவாள வழிதான். ஆனால் மாறுகிற ஸ்டேசனில் மேம்பாலப் படி ஏறி இறங்க வேண்டும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முழங்காலைத் தடவிக்கொண்டது. சரி, கார்.

ஆகஸ்ட் 13இலிருந்து 15 வரை என்று கொப்பியில் ஜனவரியிலிருந்தே எழுதியிருக்கிறது. ஜூலை நடுவில் தங்க இடம் கேட்டு மன்னாருக்கு போன் எடுத்தால் எல்லா இடத்திலும் நிரம்பிவிட்டது. நாலாவது இடத்தில் பேசிய அம்மா பொறுமையாகக் கேட்டார், "எங்கயிருந்து பிள்ளை கதைக்கிறீங்கள்? ஆகஸ்ட் பதினைஞ்சு மடுத் திருவிழா எண்டு தெரியாதோ?" நாடு பூராவும் இருந்து சனம் திரளுகிற திருவிழா. எனக்கு ஆகஸ்ட் பதினைந்து கிழமையில் ஒரு நாளாகத்தான் தெரிந்திருக்கிறது. எங்கள் தோட்டத்துத் திருவிழா சித்திரையில். உலகத்துக்கும் அப்போதுதான் திருவிழா என்று எண்ணம். இதற்குப் பிறகு நான் கண்டுகொண்ட ஒரே தந்திரம் இதுதான்: நமக்கு வசதியான நாளை முதலில் எழுதக் கூடாது. நகராதவற்றை எழுத வேண்டும். கிளினிக் அட்டையில் உள்ள திகதி, தவணை முடிகிற நாள், போயா என்கிற பௌர்ணமி விடுமுறை, போகிற ஊரின் திருவிழா. மிஞ்சுகிற ஓட்டைக்குள் நாம் நுழைய வேண்டும். எங்களுக்கு மிஞ்சியது ஒரு சனியிலிருந்து செவ்வாய் வரை. புதன் கிளினிக்.

கண்டியில் பெரஹரா ஊர்வலத் திருவிழாக் கூட்டம் இன்னும் கலையவில்லை, பகலில் நுழைந்தால் மாட்டிக்கொள்வோம் என்று இருட்டோடு இருட்டாகக் கிளம்பினோம். ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை. மலை இறங்குகிற வரைக்கும் இவர் ஓட்டினார். ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்று எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டே இறங்கினார். எனக்கும் தெரியும், ஆனால் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் இருந்தது. மாத்தளையில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு நாள். அடுத்த நாள் தம்புள்ளை, அனுராதபுரம் தாண்டி மதவாச்சிச் சந்தியில் வண்டியை ஓரங்கட்டி, இவர் சாவியை என் மடியில் போட்டார்.

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல். வளைவு என்று சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் காய்ந்த காடு, நடுவில் ரோடு கயிறு பிடித்த மாதிரி நேராகப் போய் வானத்தில் ஏறிக்கொள்கிறது. எனக்குக் கை நடுங்கியது. மேடு இல்லை, பள்ளம் இல்லை, ஹோர்ன் அடிக்க ஒரு முடுக்கு இல்லை. மூன்றாவது கியரைப் போட்டு அப்படியே பிடித்துக்கொண்டு போனேன். எஞ்சின் அலறியது.

"ஏன் புள்ள இது இப்பிடிக் கத்துது?" பின் சீட்டிலிருந்து அம்மா.

"நாலாவதப் போடு" என்றார் இவர்.

அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதத்தில் நான் நான்காவது கியரைப் போட்டதே இல்லை. எங்கள் ரோட்டில் அதற்கு இடமில்லை. மூன்றாவதுக்கு வரும்போதே அடுத்த வளைவு வந்துவிடும். கிளச்சை மிதித்து, குமிழைப் பின்னால் இழுத்தேன். சத்தம் சட்டென்று அடங்கியது. வண்டி தரையில் ஓடுகிறதா வழுக்குகிறதா என்று தெரியாதபடி ஒரு போக்கு. மகள் ஜன்னலை இறக்கினாள். அனல்காற்று. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு முழு நீளத்துக்குக் காலை நீட்டிக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். பஸ்ஸில் ஒருநாளும் நீட்ட முடியாத கால்.

மன்னார்ப் பாலம் கடந்து கொஞ்ச தூரத்தில் அந்தச் சந்தோசம் முடிந்தது. நடுரோட்டில் கழுதைகள். ஐந்து பெரியது, ஒரு குட்டி. ஹோர்ன் அடித்தேன், ஒன்று காதை மட்டும் திருப்பியது. அடித்துப் பிடித்து பிரேக்கை மிதித்ததில் வண்டி அணைந்துபோனது. திரும்ப எடுத்தேன், பதற்றத்தில் மறுபடி அணைந்தது. சமதரையில். நெருப்புப் பெட்டி தேவைப்படாத இடத்தில். மாத்தையா பார்த்திருந்தால் சட்டைப் பையைத் தடவியிருப்பார். அம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தோட்டத்து மாட்டை விரட்டுகிற சத்தம் ஒன்று போட்டது. கழுதைகளுக்கு அது விளங்கியது.

தலைமன்னாரில் தண்டவாளம் கடலுக்குக் கிட்டப் போய் முடிந்துவிடுகிறது. 1914இல் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் விடத் தொடங்கினார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேஸ்வரத்துக்கு. பெரியம்மா ஏறியது அந்தக் கப்பலில். இப்போது பழைய இறங்குதுறையின் உடைந்த மிச்சம், உப்புக் காற்று, ஒரு வெளிச்சவீடு. கடல் பயங்கரமாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். பச்சையாக, தாழ்வாக, குளத்து நீர் மாதிரி கிடந்தது.

அம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மணலில் கொஞ்ச தூரம் நடந்தது. நான் கூடப் போகவில்லை. அழும் என்று எதிர்பார்த்து, கைக்குட்டையோடு காரில் சாய்ந்து நின்றேன். பத்து நிமிசத்தில் திரும்பி வந்து, "இம்புட்டுத் தூரந்தானா, அங்கிட்டுப் போறதுக்கு?" என்றது. கொஞ்சம் கோபம் மாதிரி இருந்தது குரல். பிறகு டீ வேண்டும் என்றது. கடையில் ஒரு பிளேன்டி வாங்கிக் கொடுத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு, "நம்ம தூளா இது? கூட்டிக் கொட்டுன டஸ்ட்டு" என்று கிளாஸை வைத்துவிட்டது.

இரவு தங்கிய இடத்தில் சிக்னல் இருந்தது. மகள் எடுத்த கடல் வீடியோவைக் கோத்தகிரிக்கு அனுப்பிவிட்டு, அம்மா பெரியம்மாவுக்கு போன் எடுத்தது. ஸ்பீக்கரில் போட்டோம். பெரியம்மாவுக்கு எழுபத்தாறு வயது, காது மந்தம். கத்திக் கத்தித்தான் பேச வேண்டும். கடலைப் பார்த்தியா, பார்த்தேன். கப்பல் நின்ன எடம் இருக்கா, ஒடஞ்சு கெடக்கு. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று மகள் போனை எடுத்துப் பார்த்தாள்.

"ஏய், கோச்சியில போறப்ப ரோட்டுல கழுதைங்க நின்னுச்சுடி" என்றது பெரியம்மா. "புள்ள அழுதுக்கிட்டே வந்துச்சு, அதுகளக் காட்டித்தான் அழுகைய நிப்பாட்டுனேன். இன்னமும் நிக்குதா?"

"நிக்குதுக்கா" என்று அம்மா கத்தியது. "நெறைய நிக்குது. இவ வண்டியவே நிப்பாட்டிப்புட்டுதுங்க."

"யாரு வண்டிய?"

"இவதான் ஓட்டுனா!"

"யாரு?"